அலறாத பேய்

பேய்க்கு அவள் குரல் கொடுத்த படத்தின் முதல் பாகம் ஓடி முடிந்தபோது அவளுக்கு மிஞ்சியவை தெருவில் ‘பேயக்கா’ என்ற பட்டப்பெயரும், வீட்டில் மகளின் பயமும்தான். பட்டப்பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். மற்றதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் அவளுடைய அலறலைப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து மகள் சிட்டு சித்தியோடுதான் படுத்துக்கொள்கிறாள். பேய் வேஷமென்றால் முகத்துப் பூச்சைக் கழுவிவிடலாம். குரலை எதைக்கொண்டு கழுவுவது? அடுப்படியிலிருந்து சற்று ஓங்கிக் கூப்பிட்டாலே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வீட்டில் குசுகுசுவென்று பேசவே அவள் பழகிவிட்டாள்.

இரண்டாம் பாகத்துக்குக் குரல் கொடுக்க வேண்டிய அன்று பார்த்துச் சித்திக்குக் காய்ச்சல். சிட்டுவின் அப்பா லாரியோடு வெளியூரில். வேறு போக்கில்லாமல் மகளை டப்பிங் தியேட்டருக்கு அழைத்துப்போனாள்.

நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் இயக்குநரும், இடையில் நாற்காலியின் நுனியில் சிட்டுவும். இந்தப் பக்கம் மைக், திரை, வெந்நீர்க் குடுவை, காதில் ஹெட்போனோடு அவள். திரையில், உறங்கும் குழந்தையின் கட்டிலருகே பேய் குனிகிறது. பேயின் முகத்தை முடி மூடியிருந்தது. வாய் தெரியாததால் எந்தச் சத்தத்தையும் பொருத்திக்கொள்ளலாம் என்பது இயக்குநரின் பழைய சிக்கனம்.

“முதல் பாகத்துல ஜனங்க சிரிச்சுட்டாங்கம்மா. இந்தத் தடவை நீங்க கத்துற கத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போகணும்” என்றார் இயக்குநர்.

“போனா தியேட்டர்காரன் என் சட்டையத்தான் புடிப்பான்” என்றார் ஒலிப்பதிவாளர். பிறகு சிட்டுவிடம் ஒரு பொத்தானைக் காட்டினார். “பாப்பா, இத அமுக்கிட்டுப் பேசினா அம்மாவுக்குக் கேக்கும்.” சிட்டு அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது, சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அலறினாள்.

அடுத்த கணம் ஹெட்போனுக்குள் சிட்டுவின் அழுகை. பயத்தில் பிள்ளை பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தாள். சிவப்பு விளக்கு எரியும்போது வசனத்தைத் தவிர மூச்சுக்கூட விடக் கூடாதென்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அவளுக்கு அது மறந்தே போயிற்று.

“ஒண்ணுமில்லடி கண்ணு… அம்மாதான். அம்மா இங்கதானே இருக்கேன். உன்ன விட்டுட்டு எங்க போவேன்…”

திரையில் பேய் கட்டிலின்மேல் இன்னும் தாழக் குனிந்தது.

 கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் முன்கையைத் தடவிவிட்டுக்கொண்டார். மயிர்க்கூச்செறிந்திருந்தது.

“யோவ், அத அழிச்சுடாதய்யா.”

அதையே சுத்தமாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மறுபடியும் சொன்னாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சப்பென்று இருந்தது.

“விடுங்க சார். இது நடிகை சொல்றது. அது அம்மா சொன்னது” என்றார் ஒலிப்பதிவாளர்.

அவள் வெளியே வந்தாள். கிட்டே போனால் பிள்ளை மிரண்டுவிடுமோ என்று வாசல் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்தாள். சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

“யாருக்குச் சொன்ன? எனக்கா, அந்தப் பாப்பாவுக்கா?”

“உனக்குத்தாண்டி.”

“எனக்குச் சொன்னத அவங்க எப்படிப் படத்துல போடலாம்?”

“வக்கீலம்மா வந்துட்டாங்க, பதில் சொல்லுங்க சார்” என்று ஒலிப்பதிவாளர் சிரித்தார்.

இயக்குநர் குந்தி உட்கார்ந்தார். “கொஞ்சம் இரவல் குடேன் பாப்பா.”

சிட்டு யோசித்தாள். “அந்தப் பேய்தான் அந்தப் பாப்பாவோட அம்மாவா?”

பழிவாங்க வந்த பேய் என்றுதான் அவர் எழுதியிருந்தார். அது யாருடைய பேய் என்று யோசித்ததில்லை. “ஆமா… அப்படித்தான் போலிருக்கு” என்றார்.

“அப்ப கத்தச் சொல்லாதீங்க. பாப்பா முழிச்சுக்கும்.”

படம் வந்தபோது, முதல் பாகத்தில் விசிலடித்துச் சிரித்தவர்கள் அந்த இடத்தில் மூச்சுக் காட்டவில்லை. பயந்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். மூத்ததைவிட இளையதுதான் தேறியது என்று ஊரே பேசியது. இயக்குநர் பேட்டிகளில் திரைக்கதையின் நுட்பம் பற்றி விளக்கினார். அதெல்லாம் பிற்பாடு.

அன்று மாலை பஸ்ஸில் சிட்டு இருக்கையின் மறு ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்துக் கை நீட்டி அம்மாவின் தொண்டையைத் தொட்டாள்.

“கத்தினா இங்க வலிக்குமா?”

“வலிக்கும்.”

“அப்ப நீ பேசாத. நானே பேசுறேன்.”

பேசினாள். வகுப்புச் சண்டை, யாருக்கோ விழுந்த பல், சித்தியின் குறட்டை என்று ஒன்றும் விடவில்லை. பேசப்பேச நகர்ந்து வந்து, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அம்மாவின் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. “ஏம்மா, எறங்கலியா?” என்று கண்டக்டர் உரக்கக் கேட்டார்.

அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.