ஆறு நிமிட நடை

மூன்றாவது நிமிஷமே நின்றிருக்கலாம், அப்படித்தானே காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார் ஆசீர்வாதம், இரண்டு சுற்று போதும், மூச்சு வாங்கும், நடிக்கவே வேண்டாம், ராயபுரம் வீட்டு மாடிப்படிக்கே வாங்குகிறதே, பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடு... கால் கேட்டால்தானே. ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு கோடு, இந்தக் கோடியில் ஒரு கோடு, நடுவில் கடிகாரத்தோடு சிஸ்டர், "முடியலைன்னா உக்காந்துடுங்க தாத்தா" என்கிறாள். தாத்தாவாம். கால் இன்னும் எட்டிப் போகிறது. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், வால்வு சுருங்கிப்போச்சு, மாத்தியே ஆகணும், ஆனா பதினோரு வருஷம் முன்னாடி பைபாஸ்ல வச்ச ரத்தக்குழாய் நெஞ்செலும்புக்கு அடியிலேயே ஒட்டிக்கிடக்கு, மறுபடி திறக்கும்போது அது அறுபட்டா உயிருக்கு ஆபத்து. நன்றாக நடந்தால் நெஞ்சைத் திறப்பார்கள், திணறினால் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை வைப்பார்கள். தொடைதான் வேண்டும். பயம்தான், வேறென்ன, அறுபத்தாறு வயதில் ஒத்துக்கொள்வதற்கு என்ன வெட்கம்...

"இன்னாத்துக்குய்யா இப்டி ஓடுற?" பெஞ்சிலிருந்து அவர் மனைவி ஐரீன். அவளுக்கு எப்படிச் சொல்வது, ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவன், வருஷாவருஷம் ஃபிட்னஸ் டெஸ்ட், மூச்சு வாங்குதா, இல்ல சார், மயக்கம் வருதா, இல்ல சார், வருது என்று சொன்னவனைக் கீழே இறக்கிவிடுவார்கள்... பைபாஸ் முடிந்து திரும்பியபோதும் அப்படியே சொல்லித்தான் ஏணி ஏறினார், பாதியில் நின்று கடலைப் பார்ப்பது போல் மூச்சு வாங்கிக்கொண்டார், யாருக்குத் தெரிந்தது. ஐரீனிடமும் இல்லை என்றே சொல்லிப் பழக்கம். இப்போது வேலையுமில்லை, கேட்க ஆளுமில்லை, அட கிறுக்கா, யாரிடம் நல்ல பேர் வாங்கப் போகிறாய், நில்லேன்...

"டைம் ஆச்சு, உக்காருங்க." உட்கார்ந்தார். எதிர்ச் சுவர் கொஞ்சம் நகர்ந்து, பிறகு இடத்துக்கு வந்தது. சிஸ்டர் பேனாவை எடுத்தாள், மூச்சுத் திணறல் எவ்வளவு, சைபர்னா ஒண்ணுமில்ல, பத்துன்னா தாங்கவே முடியல. இதுதான் நேரம், எட்டு சொல்லலாம், ஒன்பதே சொல்லலாம், பொய்யில்லை.

"சைபர்" என்றது வாய்.

சிஸ்டர் ஒரு முறை முகத்தைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாள். இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டும், வாயைத் திறந்தார், அதற்கு மூச்சு போதவில்லை... சைபர் சொல்ல மட்டும் எங்கிருந்து வந்தது?