இலைசானேயின் துக்கப் பாய்

பாடகன் லிசியாதே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இறந்த திங்கட்கிழமை காலை, கடல் தாண்டி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி எங்கள் தீவில், மளிகைக் கடை இலைசானேயின் இடுப்பைச் சுற்றித் துக்கப் பாய் ஒன்று முளைத்தது. வானொலியில் சாவுச் செய்தி வந்தது அன்று மாலைதான். அதற்குள் பாய் ஒரு சாண் வளர்ந்திருந்தது. அந்த வாரம் கப்பல் இரண்டு நாள் தாமதம், மாட்டிறைச்சி டப்பா விலை ஏறியிருந்தது, ஆகையால் கடைக்கு வந்தவர்கள் முதலில் டப்பாவைப் பற்றித்தான் புலம்பினார்கள். கடைச் சன்னலின் கம்பி வலைக்குப் பின்னால் அவள் எழுந்து நின்றபோதுதான் பாயைப் பார்த்தார்கள். மழையில் நனைந்த தாழை ஓலையின் மணம் கடை முழுவதும் இருந்தது. அவள் அதை முடையவில்லை, கட்டவும் இல்லை. கத்திரிக்கோலால் வெட்டிப் பார்த்தாள். தேநீர் கொதிக்கும் நேரத்துக்குள் வெட்டிய இடம் மறுபடி வளர்ந்துவிட்டது. புதன்கிழமை முழங்கால் வரை வந்தது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் பெஞ்சிலிருந்து வாசல் வரை கிடந்தது.

பாய் வளர்ந்ததில் எங்களுக்குப் பெரிய சங்கடம் இல்லை. அது எந்த முறைப் பாய் என்பதில்தான் சங்கடம். எங்களிடம் ஒருவர் இறந்தால், அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்பதை இடுப்பில் கட்டியிருக்கும் பாயே சொல்லிவிடும். அப்பாவின் அக்காள் தங்கைகள்தான் எல்லோரையும்விட உயர்ந்தவர்கள். அத்தை சிறிய நல்ல பாய் கட்டிக்கொண்டு, இறந்தவரின் தலைமாட்டில் அரசியைப்போல் உட்கார்ந்திருப்பாள். தாய்மாமன் வழியினர் கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு, கொல்லையில் குழி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அத்தை கையால் தலைமுடி வெட்டிக்கொள்வார்கள். இலைசானேயின் பாய் பெரியது, ஓரமெல்லாம் கிழிந்தது. அவளோ லிசியாதேயை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவன் பக்கத்துத் தீவில் பிறந்தவன், பதினாறு வயதில் கப்பலேறியவன்.

பாயைப் பார்த்த ஊர், எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தது. பாய் பொய் சொல்லாது, ஆகவே இவள் லிசியாதேயின் தாய்மாமனுக்கு வெளியில் பிறந்த மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டியது. செய்தி படகேறிப் பக்கத்துத் தீவுக்குப் போனது. எழுபத்திரண்டு வயதான அந்தத் தாய்மாமன் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. "ஏன்யா, கடக்காரிக்கு அப்பனாமே நீ? சீனியாவது ஓசியில குடுப்பாளா?" என்று அவர் மனைவி தெருவில் நின்று கேட்டாள். அவர் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். கடைசியில் வம்சாவளி சொல்லும் உசாயியாவை அழைத்தார்கள். அவர் பதினான்கு தலைமுறை பின்னால் போய், இலைசானேக்கும் லிசியாதேக்கும் எந்த உறவும் இல்லை என்று அறிவித்தார். யாரைத் தொட்டாலும் நாலாம் தலைமுறையில் சொந்தமாகிவிடும் எங்கள் தீவுகளில் இதை இரண்டாவது அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இலைசானேயின் அம்மா பதினொரு வருடம் படுக்கையில் கிடந்தாள். அவளைக் கழுவி, புரட்டி, ஈரப்பலாவை மசித்து ஊட்டியது இலைசானே. தினமும் நாலு மணிக்கு வானொலியில் லிசியாதேயின் பாட்டு வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவன், "இருக்கியா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பான். பிறகுதான் கித்தார் தொடங்கும். அந்த இடைவெளியில் அவள், "இருக்கேன்" என்று சொல்வாள். அந்தப் பதினொரு வருடத்தில் நாங்கள் எல்லோரும் அவளிடம், "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டோம். எங்களில் ஒருவராவது அவள் இருக்கிறாளா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதிவைப்பதுதான் நியாயம். ஒருமுறை லிசியாதே ஒரு வாரம் தன் ஊருக்கு வந்து பாடினான், எங்கள் தீவே படகேறிப் போனது. அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல், அதனால் இலைசானே போகவில்லை. அம்மா இறந்த பிறகும் நாலு மணிக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

முகம் தெரியாதவனுக்காக இப்படித் துக்கப்படுவது பாவமா என்று சிலர் போதகர் மோலேசியிடம் கேட்டார்கள். அவர் வலையைத் தைத்துக்கொண்டே, "நாம மட்டும் என்ன, ஞாயித்துக்கெழம நேர்ல பாத்த ஒருத்தரையா பாடுறோம்?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் லிசியாதேயின் உடல் அவன் தீவுக்கு வந்தது. இலைசானேயும் படகில் போனாள். சுருட்டிய பாயை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சாவு வீட்டில் உட்கார ஓர் இடம். ஆனால் எங்கள் சாவு வீட்டில் உறவில்லாதவருக்கு வேலை கிடையாது, வேலையில்லாதவருக்கு இடம் கிடையாது. தன் பாய்க்குப் பொருத்தம் என்று கொல்லைப்புறம் போய், ஒரு கத்தியை எடுத்துக் கிழங்கு சீவ உட்கார்ந்தாள். அந்தத் தாய்மாமனின் மனைவி அங்கேதான் இருந்தாள்.

"நீ எந்த வழி?"

"எந்த வழியும் இல்லீங்க."

"அப்ப எங்க கெழங்க ஏன் சீவுற? இதென்ன கோயில் விருந்தா, வந்தவங்கல்லாம் உக்கார? ஒன்னால மூணு நாள் பட்டினி கெடந்தோம் நாங்க." அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துக்கொண்டாள். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

இலைசானே எழுந்து முற்றத்து ஈரப்பலா மரத்தடியில் நின்றாள். அழுதாளா என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் நிற்க, பாய் மட்டும் நகர்ந்தது. முற்றத்தைக் கடந்தது, மூன்று படி ஏறியது, பாடிக்கொண்டிருந்த சபையாரின் நடுவே சரசரவென்று போய், பெட்டியின் கால்மாட்டில், தாழ்ந்த முறையினர் உட்காரும் இடத்தில், மடங்கிப் படுத்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை வயோலெட்டிக்கு வயது எண்பது. அடக்கம் முடியும் வரை அத்தை எழுந்திருக்கும் வழக்கமே இல்லை. அவள் எழுந்தாள். பாயின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் படகைத் தேடுபவளைப்போல, அதன் வழியே நடந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். சபையார் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"பாயி உள்ள கெடக்கு, நீ வெளிய நிக்கிற. அவன் ஒனக்கு என்ன வேணும்டி?"

"ஒரு மொறையும் இல்ல அத்தே. பாத்ததுகூட இல்ல."

"பின்ன?"

"ரேடியோவுல இருக்கியான்னு கேப்பாரு. இருக்கேன்னு சொல்லுவேன். வேற ஒண்ணுமில்ல."

வயோலெட்டி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீதானா அது?" என்றாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "ஊருக்கு வந்தப்ப கேட்டேன் அவன. ஏண்டா, பாட்டுக்கு முன்னாடி எதுக்குடா வாயடச்சுப் போயி நிக்கிற? ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டுதட்டுன்னு தட்டுறேன் நான்னேன். கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்க வேணாமா அத்தேன்னான். யாருடா பதில் சொல்றான்னேன். தெரியல, ஏதோ பொம்பளக் கொரலு, அது வந்தாத்தான் கையி கித்தாருல போவுதுன்னான். கிறுக்குப்பயலேன்னு தலையில குட்டுனேன்." குட்டிய கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "குட்டியிருக்க வேணாம்."

பிறகு கத்திரிக்கோல் கொண்டுவரச் சொன்னாள். இலைசானேயை மண்டியிடச் சொல்லி, இடுப்பு வரை இருந்த அவள் கூந்தலைத் தோளோடு வெட்டினாள். எங்கள் வழக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அத்தை கையால் முடி வெட்டப்பட்டவள் அந்த வீட்டு மனுஷி. பதினான்கு தலைமுறையில் உசாயியாவுக்குக் கிடைக்காத உறவு ஒரு கத்திரிக்கோல் சத்தத்தில் உண்டாகிவிட்டது. பாய் அந்த நிமிடமே வளர்வதை நிறுத்தியது. தாய்மாமன் மனைவி கொல்லையிலிருந்து வந்து, கத்தியைப் பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். "வா, நாப்பது கெழங்கு கெடக்கு. மெல்லிசா சீவு, ஒன் கட சவுக்காரம் மாதிரி."

அடக்கம் முடிந்த பத்தாம் நாள், கல்லறைமேல் பரப்பும் கறுப்புக் கூழாங்கற்களுக்கு மற்ற பெண்களோடு அவளும் எண்ணெய் பூசினாள். ஒரு வருடம் கழிந்து உறவினர் எல்லோரும் பாயைக் களைந்தார்கள். இலைசானேயின் பாய் கழலவில்லை. அவள் அதை மடித்துக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்தாள். அடுத்த கோடையில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி கம்பி வலைக்கு வெளியே வெகுநேரம் நின்றாள். எங்கோ தூர தேசத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரன் இறந்திருந்தான். அவன் சண்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஒரு கெட்ட கல்யாணத்தைத் தாங்கியிருந்தாள். இலைசானே என்ன உறவு என்று கேட்கவில்லை. பாயில் ஒரு கீற்று வெட்டி அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். பிறகு நாடகத் தொடர் நடிகைக்காகப் படகோட்டி ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னும் பலர் வந்தார்கள். எத்தனை கீற்று வெட்டினாலும் பாய் குறையவில்லை. இப்போது எங்கள் தீவில் அந்தக் கீற்றைக் கட்டியவரைக் கண்டால் யாரும் விசாரிப்பதில்லை. சேப்பங்கிழங்கு இரண்டை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவோம்.

வானொலியில் நாலு மணிக்கு லிசியாதேயின் பாட்டு இன்னும் வருகிறது. அந்த நேரத்தில் கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்பார்கள். அவன், "இருக்கியா?" என்பான். சீனி அள்ளும் கரண்டி தராசுக்கு மேலே அப்படியே நிற்கும்.

"இருக்கேன்" என்பாள் இலைசானே. கித்தார் தொடங்கியதும் எங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு கிலோதானே?" என்பாள்.