கால்மாட்டு முடிச்சு

"துயரம் துயரம்னு நீங்களே சொல்லிட்டா படிக்கிறவங்களுக்கு என்ன வேலை? காட்சியா எழுதுங்க சுபைதா. அந்த நாள் கண்ணு முன்னால தெரியணும். ஆனா நடந்ததை மட்டும்தான் எழுதணும்" என்றார் ஜோதிலட்சுமி டீச்சர்.

உத்தமபாளையம் நூலகத்தில் ஞாயிறுதோறும் அவர் கட்டுரை வகுப்பு எடுக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மகள் அப்ரின் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். அவளை வெள்ளைத் துணியில் சுற்றி, தலைமாடு, இடுப்பு, கால்மாடு என மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டார்கள். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், இரண்டு கையிலும் ஏந்தித் தெருமுனை திரும்பினார். என் காட்சி அதோடு சரி. எங்கள் ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததை இந்த மனுசன் இரண்டு வருசமாக வாயைத் திறந்து சொன்னதில்லை. கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

மறுநாள் ஓடைப்பட்டித் தோட்டத்துக்கே போனேன். திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சொல்லாம நான் இங்கன இருந்து நகர மாட்டேன். பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?" என்று கத்தினேன்.

கையிலிருந்த கொடியைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் குழிக்குள்ள எறங்கி வாங்குனேன். துணி முடிச்சையெல்லாம் அவுத்து விடச் சொன்னாக. தலைமாட்டுல அவுத்தேன். இடுப்புல அவுத்தேன். மொகத்தப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல, புள்ள. என்னயத் தூக்கி மேல விட்டாக. மண்ணு தள்ளுன பெறகுதான் கால்மாட்டு முடிச்சு நெனப்பு வந்துச்சு. தோண்டுங்கன்னு கத்துனேன். அதெல்லாம் பரவாயில்லன்னு சொல்லிப் புடிச்சுக்கிட்டாக."

போர்வை காலில் சுற்றிக்கொண்டால் அப்ரின் தூக்கத்திலேயே "அத்தா, கால் கால்" என்று அழுவாள். இவர்தான் அரைத்தூக்கத்தில் எழுந்து எடுத்துவிடுவார். அந்த ஒரு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லையா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கட்டி முடித்த கொடியையே அவர் அவிழ்த்து மறுபடி கட்டுவதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"இதையும் எழுதுவியா?" என்றார்.



அடுத்த ஞாயிறு அவரே என்னை வண்டியில் நூலகத்துக்குக் கொண்டுவந்து விட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து வாசித்தேன். குழிக்குள் இறங்கியது, தலைமாட்டு முடிச்சு, இடுப்பு முடிச்சு, முகம். அப்புறம்: "கால்மாட்டு முடிச்சையும் அவள் அத்தா அவிழ்த்தார். போர்வையை எடுத்துவிடுவது போலவே மெதுவாக அவிழ்த்தார். அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்."

"இதுதான் காட்சி! நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றார் டீச்சர். பின்னால் அப்ரின் அத்தா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவுத்துட்டேன்ல, சுபைதா?"

"அவுத்துட்டீக" என்றேன்.