மாப்பிள்ளையின் வெட்டு ஆட்டின் கன்னத்தில்

மாணவன் ஒட்டோகார் கன்னத்தில் வாங்கிய வாள்வெட்டு ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்காரம்மா வால்புர்காவின் வெள்ளாட்டுக்குப் போய்விட்டது. அவன் வலியில் முனகியது பொறுக்காமல், சாமந்திப் பூவைப் பன்றிக்கொழுப்பில் காய்ச்சி வடித்த களிம்பை அவள் தடவிவிட்டாள். வடித்த சக்கையை ஆடு தின்றது. விடிந்தபோது அவன் கன்னம் வழவழவென்றிருந்தது. தழும்பு, தையலோடு, ஆட்டின் கன்னத்தில் இருந்தது.

எங்கள் பல்கலைக்கழக ஊரில் வெட்டில்லாத முகம் முகமே அல்ல. மாணவர்கள் ஒருவரோடொருவர் வாள்சண்டை போட்டு, தலையை அசைக்காமல் நின்று அதை வாங்க வேண்டும். புண் அழகாக ஆறித் தொலைக்கக் கூடாதென்று உள்ளே குதிரைமயிர் வைத்துத் தைப்பார்கள். வெட்டுப்படாதவனுக்கு மகள் அடெல்ஹைடைத் தருவதில்லை என்று நீதிபதி ரௌட்டன்பெர்க் சொல்லியிருந்தார். ரத்தத்தைக் கண்டாலே மயங்கும் ஒட்டோகார் வாள் முன்னால் நின்றது அவளுக்காகத்தான்.

"என்ன காரியம்மா பண்ணிட்டீங்க! இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிப் பொண்ணு கேப்பேன்?" என்று அழுதான்.

"புண்ணு ஆறிப்போச்சேன்னு அழுவுற ஆள இப்பத்தான் தம்பி பாக்குறேன்," என்றாள் வால்புர்கா.

நீதிபதி அவனைப் பார்த்து, "கன்னமா இது? வெண்ணெய்க் கட்டி!" என்று கதவைச் சாத்தினார். பாவம், மறுபடியும் போய் வெட்டு வாங்கினான். களிம்பே இல்லாமல் அதுவும் ஆட்டுக்குப் போனது. மாணவர்கள் ஆட்டைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்கள். பீர்க் கடையில் அதற்கு ஜன்னலோர இடம். பேராசிரியர்கள் அதனிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அது மறுத்துப் பேசாததில் அவர்களுக்குத் திருப்தி.

பிறகு ஒருநாள் நீதிபதி சவரம் செய்யும்போது மோவாயைக் கீறிக்கொண்டார். அடெல்ஹைட் வால்புர்காவிடமிருந்து அதே களிம்பை வாங்கிவந்து, கீறலோடு நிறுத்தாமல் கன்னம் முழுக்கப் பூசினாள். அவருடைய இளமைக்காலத் தழும்பும் ஆட்டுக்குப் போனது.

தழும்பில்லாத நீதிபதியை நீதிமன்ற வாசலில் காவலாளி மறித்தான். "யாருய்யா நீ? சாட்சியா? அந்த பெஞ்சுல போய் உக்காரு."

வேறு வழியில்லாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். காவலாளி ஆட்டின் கன்னத்தைப் பார்த்ததும் விறைத்து நின்றான். அன்றிலிருந்து தீர்ப்பு வாசிக்கையில் ஆடு பக்கத்திலேயே நின்றது.

"அப்பா, அவரோட வெட்டும் அதே ஆட்டுலதான் இருக்கு," என்றாள் அடெல்ஹைட். "உங்களுக்குச் செல்லும்னா அவருக்கும் செல்லணும்ல?"

சட்டம் படித்தவர், கல்யாணத்துக்கு நாள் குறித்தார். வசந்தத்தில் கல்யாணம் நடந்தது.

கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவே ஆடு நிற்கிறது. இருவரும் தங்கள் வழுவழு முகங்களை அதன் பக்கம் சாய்த்திருக்கிறார்கள். ஆடு மட்டும் தலையை அசைத்துவிட்டதால் அதன் முகம் படத்தில் மங்கி, தழும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. அதைக் குறையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.