அட்டவணையில் ஒரு வினைச்சொல்

பிரதீப்குமாரைக் கண்டாலே சயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளென் வேவர்லி முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவன், பாரசீகம் பேசுகிறானாம்! பேச்சா அது? ஒரு வினைச்சொல்லுக்காவது விகுதி போடத் தெரியாது. நான் போதல், நீங்க சாப்பிடுதல் என்கிற கணக்கில் ஒப்பேற்றிக்கொண்டு திரிந்தான். அவளோ கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் பாரசீக வினைச்சொற்களை நாலு வருஷமாய்ப் பிரித்து ஆராய்கிறவள்.

"தம்பி, அந்த மொழியை இப்பிடிக் கொல்லாதீங்கோ" என்று பர்வீன் அம்மாவுக்கு முன்னாலேயே ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"தப்புதாங்க. ஆனா அவங்களுக்குப் புரியுதே" என்று சிரித்தான் அந்த வெட்கங்கெட்டவன்.

பர்வீன் அம்மா ஈரானிலிருந்து வந்து அந்த இல்லத்தில் இருப்பவர். சயந்தினியின் ஆய்வேடு முழுக்க அவருடைய குரலை நம்பித்தான் நின்றது. நாலு மாதமாகச் செவ்வாய்தோறும் போவாள், ரெக்கார்டரை வைப்பாள், அட்டவணையில் உள்ள வினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்வாள். சுகமா என்று கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. அதற்கு அட்டவணையில் இடமில்லையே! இன்னும் ஒரே ஒரு பதிவு. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

அன்றைக்கு வந்த வினை, சாவது.

"மொர்தம்" என்றார் பர்வீன் அம்மா. செத்தேன். "மொர்தி." செத்தாய். பிறகு சயந்தினியின் பை கிடந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"அவர்?" என்று தூண்டினாள் சயந்தினி.

"மொர்த்." செத்தார்.

இந்த இடத்தில் மட்டும் விகுதி ஒட்டாது, மொட்டையாக அடிச்சொல்தான் நிற்கும். எவ்வளவு துப்புரவாக வந்திருக்கிறது என்று மகாராணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று வேறு கேட்டாள்.

பர்வீன் அம்மா ரெக்கார்டரை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிரதீப்பைக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லி அழுதார். வீட்டுப் பேச்சு, வேகப் பேச்சு. ஆராய்ச்சிக்காரிக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை.

அவரைப் படுக்க வைத்துவிட்டு அவன் அவளை நடைவழிக்குக் கூட்டி வந்தான்.

"பதிவுக்குக் குடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கிறாங்களாம். இதுவரைக்கும் பதிஞ்சது எல்லாத்தையும் அழிச்சிடணுமாம்."

"எல்லாத்தையுமா? ஐயோ, நாலு மாச வேலை! நான் பிழையா ஒண்டும் கேக்கேல்லையே. லிஸ்டில இருந்ததைத்தானே கேட்டனான்!"

பிரதீப் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இதுவரை அப்படி ஒரு பார்வையை அவள்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"அவங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறிட்டாருங்க. நீங்க வந்ததும் பையை வச்சீங்களே, அது அவர் கட்டில். நாலு மாசமா அதுலதான படுத்திருந்தார், நீங்க பாத்ததே இல்லையா?"

பை இன்னும் அந்தக் கட்டிலில்தான் கிடந்தது. எடுக்க உள்ளே போகவேண்டும். போனால் ஒரு வார்த்தையாவது துக்கம் விசாரிக்கவேண்டும். கதவருகே நின்று தேடித் தேடிப் பார்த்தாள். அவளுடைய பாரசீகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.