ஜன்னலில் தெரியாத வெண்ணெய்

என் ரவிக்கையில் பிரித்துவிட இனித் துணியே இல்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரி கைவிரித்துவிட்டாள். அவளோ கீட்டோ என்று சோறில்லாத சாப்பாடு சாப்பிட்டு நூலாய் இளைத்திருந்தாள். எப்படி இளைத்தாய் என்று வாய்விட்டுக் கேட்டால் என் மானம் என்னாவது? என் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் அடுப்பு நன்றாகத் தெரியும். ஊர் வம்புக்கு உதவிய ஜன்னல் உடம்புக்கு உதவாதா?

அடுப்பில் தினமும் கோழிக்கறி. சோறு, ரொட்டி கண்ணில் படவேயில்லை. நானும் வெறும் கறியாக வெட்டித் தள்ளினேன். தலை சுற்றியதுதான் மிச்சம். எவ்வளவு தின்றும் அடங்காத பசியில் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். ரவிக்கைப் பொத்தானோ அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி அவளிடமே போனேன்.

"என்னக்கா, வெறும் கறியாத் தின்னீங்களா?"

"யாரு சொன்னா?"

"என் அடுப்பு உங்களுக்குத் தெரிஞ்சா, உங்க அடுப்பு எனக்குத் தெரியாதா? கறி அளவாத்தான்க்கா. வயித்தை நிரப்புறது வெண்ணெயும் எண்ணெயும்தான்."

"வெண்ணெயை நான் பாக்கவே இல்லையே!" என்று உளறிவிட்டேன்.

"அது சாப்பாட்டு மேசையில இருக்கு. அங்க உங்க கண்ணு எட்டாது."

மறுநாள் அவள் ஜன்னல் விளிம்பில் வெண்ணெய்க் கிண்ணமும், பக்கத்துத் தட்டில் உள்ளங்கையளவு கறியும் இருந்தன. வெட்கப்பட நேரமில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன்.