கலவை அறை

தொட்டியில் பதினைந்து வாளி தண்ணீர் ஊற்றிய பிறகு வெண்கலம் மூச்சை அடக்கிக்கொண்டு டிரம்மைச் சாய்த்து ஒரு வாளி அமிலம் பிடித்தாள். அதையும் ஊற்றி, உப்பு, சர்க்கரை, நிறத்துக்குக் கருக்கிய பாகு எல்லாம் சேர்த்துக் கலக்கினால் வினிகர். கண்ணும் மூக்கும் எரிய, கதவருகே ஓடிப்போய்த்தான் மூச்சு விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் லேபிள் ஒட்டும் மேசை. பதினான்கு பெண்கள் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணீர்க் குரலுக்காக வெண்கலம் என்று பேர் வைத்ததே அவர்கள்தான். மூன்று வருடம் அமிலத்தோடு தனிக்குடித்தனம் நடத்தியதில் வெண்கலம் ஓட்டைத் தகரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் மகள், "கேக்கலைம்மா, சத்தமா பேசு" என்று பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். வீட்டில் வேறு பேச்சுத்துணை கிடையாது. எப்படியாவது லேபிள் மேசைக்கு மாறிவிட வேண்டும். டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் மாற்றுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

கம்பெனி டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். அவள் கொண்டுபோயிருந்த வினிகர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

"கொழுப்பு கிடையாது. உப்பு கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம். அமிலம் நூத்துக்கு அஞ்சுதான். பல் கூசுறவங்க, வயிறு எரியறவங்க குறைச்சுக்கணும், அவ்வளவுதான். இது தொண்டையை என்னம்மா பண்ணும்?"

"நீங்க படிக்கிறது பாட்டில், டாக்டர். நான் மோந்துக்கிட்டு நிக்கிறது டிரம்மு. அதுல நூத்துக்கு..."

குரல் அங்கேயே போய்விட்டது. "என்ன?" என்றார் டாக்டர். மறுபடி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அழுகை முட்டியது. "சரி சரி, நீ பேசாதே" என்று டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் அதை வாய்விட்டுப் படித்தார்: "தொண்டைக்கு ஓய்வு தேவை. ஒரு மாதம் பேசக்கூடாது."

"நல்லவேளைக்கா, உன்னை லேபிள் மேசைக்கு மாத்தலை" என்றார், நிஜமான அக்கறையோடு. "அங்க போனா அதுங்க உன்னைச் சும்மா விடுமா? கலவை ரூம்ல யாரு இருக்கா, நீ பேச? உனக்கு அதைவிடத் தோதான இடம் இந்த ஃபேக்டரிலயே கிடையாது."

அவள் வாயெடுத்தாள்.

"உஷ்..." என்று அவர் உதட்டில் விரலை வைத்தார். "அதான் எழுதியிருக்காரே."

யாரும் அவளிடம் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதென்று, லேபிள் மேசையிலிருந்து ஒருத்தி பசையோடு வந்து, அந்தக் கடிதத்தைக் கலவை அறைக் கதவில் சுருக்கம் விழாமல் ஒட்டிவிட்டுப் போனாள்.